வெனிஸ் ஸ்ப்ரிட்ஸ் வீட்லயே போடுறது எப்படி: காஸ் போகாம, தண்ணி ஆகாம

பெரிய கிளாஸ்ல ஆரஞ்சு கலர்ல, ஐஸ் நிறைய மிதக்க ஒரு டிரிங்க் இருக்குமே, வெனிஸ் போனவங்க போட்டோ எத பாத்தாலும் மேஜை மேல நிக்குமே, அதான் ஸ்ப்ரிட்ஸ். அபெரோல் ஸ்ப்ரிட்ஸ்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்கு தெரியும். இத குடிச்சிட்டு பிடிக்கலன்னு சொல்றவங்ககிட்ட ஏன்னு கேட்டா ரெண்டே பதில்தான் வரும், ஒண்ணு ஒரே திகட்டலா இருந்துச்சு, இல்லன்னா பாதிக்கு மேல சப்புன்னு தண்ணியா போயிடுச்சு. ரெண்டுமே டிரிங்க் மேல தப்பு இல்லங்க, போட்ட விதம் அப்படி. மூணே பொருள், ஷேக்கர் வேணாம், மிக்ஸி வேணாம், ஊத்துறது மட்டும்தான் வேலை, ஆனா குளிர்ச்சியையும் காஸையும் காப்பாத்த தெரியலன்னா எவ்ளோ காஸ்ட்லியான பாட்டில் வாங்கினாலும் அது வீண்தான். அதனால அளவ விட அந்த ரெண்டு விஷயத்த பத்திதான் இங்க அதிகமா சொல்ல போறேன்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல கொஞ்சம் சொல்லிடுறேன், இதுல சோடா எதுக்கு சேருதுங்கறது அப்பதான் புரியும். வடகிழக்கு இத்தாலில வெனெட்டோன்னு ஒரு மாகாணம், வெனிஸ், ட்ரெவீசோ, பதுவா எல்லாம் அதுக்குள்ளதான் வருது, பதுவை அந்தோணியார்னு நம்ம ஆளுங்க சொல்றாங்களே அதே பதுவாதான். 1815லேர்ந்து 1866 வரைக்கும் அந்த பக்கம் ஆஸ்திரியாக்காரங்க ஆட்சி. அங்க வந்த சிப்பாய்ங்களுக்கும் வியாபாரிங்களுக்கும் உள்ளூர் ஒயின் ரொம்ப தூக்கலா இருந்ததால கொஞ்சம் தண்ணி விட்டு குடிக்க ஆரம்பிச்சாங்கன்னுதான் அந்த ஊர்ல சொல்லுவாங்க. அப்புறம் அழுத்துனா சோடா பீச்சுற சைஃபன் பாட்டில் புழக்கத்துக்கு வந்ததும் தண்ணி போய் சோடா வந்துச்சு. 1919ல பதுவால பார்பியேரி குடும்பத்து அண்ணன் தம்பி, லூயிஜியும் சில்வியோவும், அபெரோல்ங்கற இளங்கசப்பு ஆரஞ்சு மதுவ வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே, 1920ல, வெனிஸ்ல பில்லா சகோதரர்கள் செலெக்ட்னு இன்னொண்ண கொண்டு வந்தாங்க. இந்த இளங்கசப்பு சரக்க ஒயின் சோடாவோட சேர்க்க ஆரம்பிச்ச பிறகுதான் இந்த கலரே வந்துச்சு. ப்ரோசெக்கோங்கற இத்தாலி நுரை ஒயின் இதுக்குள்ள நுழைஞ்சது ரொம்ப பின்னாடி. இன்னிக்கும் அதே வடகிழக்கு இத்தாலில ட்ரியெஸ்தேங்கற ஊர் பக்கம் போய் சும்மா ஒரு ஸ்ப்ரிட்ஸ் குடுங்கன்னு கேட்டா வெள்ளை ஒயினும் சோடாவும் மட்டும்தான் வரும், ஆரஞ்சு கலர் எல்லாம் எதிர்பாக்க முடியாது. ஆரம்பத்துலேர்ந்தே இது ஒயின லேசாக்கி, சில்லுன்னு, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி பசிய கிளப்பி விட குடிக்கிற ஒண்ணு, அதனாலதான் கோடைக்கு இவ்ளோ பொருந்துது.

சரி, என்னென்ன வேணும்னு பாப்போம். ப்ரோசெக்கோ 90 மில்லி, அபெரோல் 60 மில்லி, சோடா 30 மில்லி, கிளாஸ் முட்ட ஐஸ், ஒரு துண்டு ஆரஞ்சு. மூணுக்கு ரெண்டுக்கு ஒண்ணு, இது மனசுல நின்னுடும். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தோட அளவும் கிட்டத்தட்ட இதேதான், 90, 60, அப்புறம் கொஞ்சமா சோடா. அளவு கப் இல்லன்னா நம்மூர் பெக் அளவே போதும், ஸ்மால் 30, லார்ஜ் 60, அப்ப ப்ரோசெக்கோ மூணு ஸ்மால், அபெரோல் ரெண்டு, சோடா ஒண்ணு. கண்ணளவுல ஊத்துறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அபெரோல் கொஞ்சம் கூடுனாலே திகட்ட ஆரம்பிச்சிடும், முதல் சில தடவையாவது அளந்தே ஊத்துங்க.

ப்ரோசெக்கோ வாங்கும்போதுதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. லேபிள்ல ப்ரூட், எக்ஸ்ட்ரா ட்ரை, ட்ரைன்னு போட்டிருப்பாங்க. பேர பாத்தா எக்ஸ்ட்ரா ட்ரைல இனிப்பே இருக்காதுன்னு தோணும், ஆனா நிலவரம் தலைகீழ். ப்ரூட்ல லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரைல 12லேர்ந்து 17, ட்ரைன்னு போட்டிருந்தா 17லேர்ந்து 32 வரைக்கும் போகும். அபெரோல்லயே சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கு, அதோட எக்ஸ்ட்ரா ட்ரையையும் சேத்தா திகட்டாம என்ன செய்யும். அதனால கண்ண மூடிட்டு ப்ரூட் எடுங்க, கடைல இல்லன்னா இன்னொரு கடைக்கு போங்க, இந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

இன்னொண்ணும் லேபிள்ல பாக்கணும், ஸ்புமாந்தேவா ஃப்ரிஸாந்தேவான்னு. ஸ்புமாந்தேன்னா நுரை அதிகம், ஃப்ரிஸாந்தேன்னா லேசான நுரை. அழுத்தத்த பார்ங்கற அலகுல சொல்லுவாங்க, ஸ்புமாந்தேல பாட்டிலுக்குள்ள 3 பாருக்கு மேல இருக்கும், கார் டயருக்கு 32 அடிக்கிறோமே அதுவே 2.2 பார்தான், அப்ப பாத்துக்கோங்க. ஃப்ரிஸாந்தேல 1லேர்ந்து 2.5 பார் வரைக்கும்தான் இருக்கும். ஸ்ப்ரிட்ஸ்ல ஐஸும் அபெரோலும் படும்போதே கொஞ்சம் காஸ் போயிடும், அதனால ஆரம்பிக்கும்போதே கை நிறைய இருக்கறது நல்லது, ஸ்புமாந்தேதான் வாங்கணும்.

ப்ரோசெக்கோவோட நுரை எப்படி வருதுன்னு தெரிஞ்சா அத ஏன் இதுக்கு போடுறாங்கன்னும் புரியும். ஷாம்பெயின்ல ரெண்டாவது தடவ புளிக்க வைக்கிறது பாட்டிலுக்குள்ளயே நடக்கும், மாசக்கணக்குல ஈஸ்ட்டோட கிடக்கறதால ரொட்டி சுட்ட வாசம் ஏறிடும். ப்ரோசெக்கோவ பெரும்பாலும் பெரிய ஸ்டீல் டேங்க்ல அழுத்தத்தோட புளிக்க வைக்கிறாங்க, ஃபெதெரிகோ மார்த்தினோத்தின்னு ஒரு இத்தாலிக்காரர் 1895ல பேடென்ட் வாங்குன முறை அது, அப்புறம் ஷார்மான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அத இன்னும் மேம்படுத்துனாரு. சீக்கிரம் முடிஞ்சிடறதால பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளை பூ வாசம் எல்லாம் அப்படியே நிக்கும், அந்த பழ வாசம்தான் ஆரஞ்சு கசப்போட சேரும்போது அம்சமா இருக்கும். நல்ல ஷாம்பெயின இதுல ஊத்துனா அந்த ரொட்டி வாசமும் அபெரோலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்கும், காசும் வேஸ்ட். அதே மாதிரி கொனெல்யானோ வால்தொப்யாதெனே மலைச்சரிவுல விளையுற உசந்த ப்ரோசெக்கோ ஒண்ணு இருக்கு, 2019ல அந்த குன்றுகள யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, அத யாராவது உங்களுக்கு குடுத்தா தயவு செஞ்சு தனியா குடிங்க, லேபிள்ல டிஓசின்னு போட்ட சாதாரண ப்ரோசெக்கோ ப்ரூட்டே ஸ்ப்ரிட்ஸுக்கு தாராளம். ப்ரோசெக்கோ கிடைக்காத ஊர்ல ஸ்பெயின் நாட்டு காவா ப்ரூட் ஓகே, நாசிக் பக்கத்து ப்ரூட் ஸ்பார்க்ளிங் ஒயினும் ஓகே.

கசப்புக்கு அபெரோல் மட்டும்தான்னு இல்ல. அபெரோல் 11 சதவீதம்தான் ஆல்கஹால், ஆரஞ்சு, ருபார்ப், ஜென்ஷியன் வேர் எல்லாம் சேந்த ருசி, கசப்பு கம்மி இனிப்பு தூக்கல், முதல் தடவ குடிக்கிறவங்களுக்கு இதுதான் சரி. வெனிஸ்லயே பழைய ஆளுங்க கேக்கறது செலெக்ட், 17.5 சதவீதம், கலரும் நல்ல அடர் சிவப்பு, மூலிகை வாசம் கூட, என்ன கேட்டா வெயில்ல அபெரோல விட செலெக்ட்தான் ஒரு படி மேல, ஏன்னா குடிச்சு முடிச்சதும் வாய்ல இனிப்பு ஒட்டாது. காம்பாரின்னு இன்னொரு இத்தாலி கசப்பு மது இருக்கு, அத போட்டா கசப்பு நல்லா ஏறும், இத்தாலில விக்கிறது 25 சதவீதம், அதனால 60 போடாதீங்க, 45 போதும், சோடாவ கொஞ்சம் கூட்டிக்கோங்க. கூனைப்பூ, அதான் ஆர்டிசோக், சேத்து செய்ற சினார்னு ஒண்ணும் இருக்கு, 1952ல வந்தது, 16.5 சதவீதம், பழுப்பு கலர், போட்டோக்கு எடுக்காது ஆனா பாகற்காய் கசப்பே எனக்கு இஷ்டம்னு சொல்றவங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

சோடா பத்தி ஒரே வரி, வெறும் சோடா, அதுவும் அப்பதான் தொறந்த பாட்டில். டானிக் வாட்டர் வேணாம், எலுமிச்சை கூல்டிரிங்க் எல்லாம் கிட்டவே வர கூடாது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். குளிர்ச்சி. ஐஸ் போடுறோமே, அது குளிர வச்சிடாதான்னு கேப்பீங்க. குளிர வைக்கும், ஆனா அதுக்கு விலையா தண்ணி குடுக்கும். கணக்கு போட்டு பாருங்க, ஒரு கிளாஸ் ஸ்ப்ரிட்ஸ் 180 மில்லி. மூணு பொருளும் 25 டிகிரில வெளிய இருந்துச்சுன்னா அத சில்லுன்னு ஜீரோவுக்கு பக்கம் கொண்டு போறதுக்குள்ள தோராயமா 55 கிராம் ஐஸ் உருகணும், அதாவது உங்க டிரிங்க்ல 55 மில்லி தண்ணி சேந்துடுச்சு, நீங்க ஊத்துன சோடாவே 30தான், அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தண்ணி வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே உள்ள போயாச்சு. அதே மூணையும் ஃப்ரிட்ஜ்ல வச்சு 5 டிகிரில எடுத்தீங்கன்னா உருகுறது வெறும் 11 கிராம். இதான் தண்ணியா போற ஸ்ப்ரிட்ஸுக்கும் கடைசி வாய் வரைக்கும் கிண்ணுன்னு இருக்கற ஸ்ப்ரிட்ஸுக்கும் உள்ள வித்தியாசம். அபெரோல ஷெல்ஃப்ல அழகுக்கு நிறுத்தி வைக்காதீங்க, ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க, சோடாவையும் வைங்க, கிளாஸையும் முடிஞ்சா பத்து நிமிஷம் ஃப்ரீஸர்ல வைங்க.

காஸும் இதோட சேந்ததுதான். சூடு ஏற ஏற திரவத்தால காஸ புடிச்சு வச்சிக்க முடியாது, 5 டிகிரில கரைஞ்சு நிக்கிற கார்பன் டை ஆக்ஸைடு 25 டிகிரில நிக்கிறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வெயில்ல வச்ச சோடாவ தொறந்தா பொங்கி வழியுது, ஃப்ரிட்ஜ்ல இருந்தது சமத்தா தொறக்குதே, அதே கதைதான். அதனால ப்ரோசெக்கோ பாட்டில் குறைஞ்சது 3 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். அவசரம்னா ஒரு வாளில பாதி ஐஸ் பாதி தண்ணி போட்டு ஒரு கை கல்லுப்பு அள்ளி போட்டு பாட்டில கழுத்து வரைக்கும் முக்கி வைங்க, 20, 25 நிமிஷத்துல ஜில்லுன்னு ஆயிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டா பாட்டில தொடுறதே அங்கங்கதான், நடுவுல காத்து நிக்கும், தண்ணி இருந்தாதான் சுத்தி பூரா குளிர் பிடிக்கும். ஃப்ரீஸர்ல வச்சிட்டு மறந்துட மட்டும் வேணாம், உள்ள ஒயின் உறைஞ்சு விரிஞ்சு, ஏற்கனவே இருக்கற அழுத்தமும் சேந்து பாட்டில் வெடிச்சிடும், கண்ணாடித்துண்டு ஃப்ரீஸர் பூரா சிதறும்.

ஐஸ் எவ்ளோன்னா, கிளாஸ் விளிம்பு வரைக்கும். ஐஸ் நிறைய போட்டா சீக்கிரம் தண்ணி ஆயிடும்னு பயந்து ரெண்டு கட்டி போடுறாங்க பாருங்க, அங்கதான் சிக்கலே. ரெண்டே கட்டின்னா அது சீக்கிரம் உருகி காணாம போயிடும், அதுக்கப்புறம் குளிர்ச்சியும் இல்ல காஸும் இல்ல. நிறைய இருந்தா டிரிங்க் முழுக்க ஜீரோ பக்கத்துலயே நிக்கும், ஐஸும் பொறுமையா உருகும். பெரிய கட்டியா இருந்தா இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜ்ல மீன் வச்சிருந்தா அந்த வாசம் ஐஸுக்கு ஏறும், மூடி போட்ட டிரேல போடுங்க. அப்புறம் ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்த உடனே ஐஸ் மேல வெள்ளையா பனி படிஞ்சிருக்கும் இல்லயா, அந்த சொரசொரப்புல ப்ரோசெக்கோ பட்டா புஸ்ஸுன்னு நுரை கிளம்பி காஸ் எல்லாம் மேல போயிடும். ஐஸ கிளாஸ்ல போட்டு ஒரு நிமிஷம் விடுங்க, இல்ல கொஞ்சம் குளிர்ந்த தண்ணி விட்டு ஒரு சுத்து சுத்தி தண்ணிய முழுசா வடிச்சிடுங்க, பனி போய் கண்ணாடி போல பளபளன்னு ஆனதும்தான் ஊத்தணும்.

கிளாஸ் பெரிய வயித்தோட இருக்கற ஒயின் கிளாஸா இருக்கணும், ஒல்லியா உசரமா இருக்கற ஷாம்பெயின் கிளாஸ்ல ஐஸ் நிக்காது. சோப்பு வழவழப்பு இல்லாம நல்லா அலசி இருக்கணும், சோப்பு பட்டா நுரை நிக்கவே நிக்காது.

பாட்டில் தொறக்கறதுக்கு வருவோம். மேல இருக்கற தகடு காயிதத்த உரிச்சா கம்பிக்கூடு இருக்கும், அதுல ஒரு முறுக்கு வளையம், அத ஆறு அரைச்சுத்து திருப்புனா தளரும். அந்த நிமிஷத்துலேர்ந்து கட்டைவிரல் கார்க் மேலயே இருக்கணும், கம்பிய கழட்டி வைக்க வேணாம், கம்பியோட சேத்தே கார்க்க இறுக்கி புடிச்சுக்கலாம். பாட்டில 45 டிகிரிக்கு சாச்சு, வாய் பக்கம் ஆள் இல்லாத திசைய பாத்து, விளக்கு, ஜன்னல் எதுவும் இல்லன்னு பாத்துட்டு, கார்க்க அசையாம புடிச்சுக்கிட்டு அடிப்பக்கத்த புடிச்சு பாட்டில மெதுவா திருப்புங்க. திருப்ப வேண்டியது பாட்டில, கார்க்க இல்ல. உள்ள இருந்து கார்க் தானா மேல தள்ளும், நீங்க அத வெளிய இழுக்காம திருப்பி உள்ள அமுக்குற மாதிரியே புடிச்சிருந்தா கடைசில உஸ்ஸுன்னு ஒரு சின்ன சத்தத்தோட வந்துடும். டமால்னு தொறந்தா கொண்டாட்டமா இருக்கும், ஆனா பாதி காஸ் கூரைக்கு போச்சு, கண்ணுல பட்டா பார்வையே போற அளவுக்கு வேகமா பறக்கும், அதனால குழந்தைங்க இருக்கற இடத்துல இன்னும் கவனமா இருங்க.

ஊத்துற வரிசை. முதல்ல ப்ரோசெக்கோ, அப்புறம் அபெரோல், கடைசில சோடா. நிறைய பேர் அபெரோல முதல்ல ஊத்துறாங்க, அதுல சர்க்கரை இருக்கறதால அது கனம், அடில போய் உக்காந்துக்கும், அப்புறம் மேல ப்ரோசெக்கோ விட்டா கலக்கறதுக்கு ஸ்பூன போட்டு நல்லா சுத்த வேண்டியிருக்கும், சுத்த சுத்த காஸ் போகும். ப்ரோசெக்கோ மேல அபெரோல ஊத்துனா அது தானா கீழ இறங்கும், வெளிர் மஞ்சள்ல செக்கச்செவேல்னு இழை இழையா ஐஸுக்கு நடுவுல வளைஞ்சு இறங்கறத பாக்கவே நல்லா இருக்கும், போற வழிலயே பாதி கலந்துடும்.

ப்ரோசெக்கோ ஊத்தும்போது கிளாஸ சாச்சு, உள்பக்க சுவர்ல பட்டு வழுக்கி இறங்குற மாதிரி விடுங்க. பிரான்ஸ்ல ரான்ஸ் பல்கலைக்கழகத்துல ஷாம்பெயின வச்சு இதையே அளந்து பாத்து 2010ல வெளியிட்டாங்க, சாச்சு ஊத்துனா நேரா ஊத்துறத விட காஸ் அதிகமா தங்குது, குளிர்ச்சியா ஊத்துனா இன்னும் அதிகமா தங்குதுன்னு. ஷாம்பெயினுக்கு பொருந்துறது ப்ரோசெக்கோவுக்கும் பொருந்தும், காஸ் காஸ்தான. சோடா ஊத்துன பிறகு நீளமான ஸ்பூன ஓரமா அடி வரைக்கும் விட்டு, ஒரு ஐஸ் கட்டிய கொஞ்சம் தூக்கி விட்டுட்டு வெளிய எடுத்துடுங்க, ஒரே ஒரு தடவ. காபி ஆத்துற மாதிரி கலக்க கூடாது. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே ஆரஞ்சா இருந்தா சரியா வந்திருக்கு, அடில மட்டும் அடர் சிவப்பா நின்னா இன்னொரு தடவ தூக்கி விடுங்க.

ஆரஞ்ச அரை வட்டமா நறுக்கி, ஓரத்துல சொருகாம ஐஸுக்கு நடுவுல உள்ள தள்ளுங்க, தோல்ல இருக்கற எண்ணெய் வாசம் மூக்குக்கு நேரா வரும். பிழிய வேணாம், ஜூஸ் சேந்தா கலங்கிடும். வெனிஸ்ல இதோட ஒரு பச்சை ஆலிவ் காயையும் குச்சில குத்தி போடுவாங்க, முக்கியமா செலெக்ட், காம்பாரின்னா. உப்பு எதுக்குன்னு தோணும், ஆனா உப்பு பட்டா நாக்குல கசப்பு கொஞ்சம் அடங்கும், பாதி கிளாஸ் போன பிறகு அந்த ஆலிவ கடிச்சு பாருங்க, ஆரஞ்சும் கசப்பும் உப்பும் சேந்து ஊறி அவ்ளோ ருசியா இருக்கும், எனக்கு ஸ்ப்ரிட்ஸ்லயே பிடிச்ச வாய் அதுதான். வெனிஸ்ல பாக்காரோன்னு சின்ன சின்ன ஒயின் கடைங்க இருக்கு, அங்க கூட சாப்பிட சிக்கெத்தின்னு ஒரு வாய் ரெண்டு வாய் அளவுக்கு தட்டு தட்டா வச்சிருப்பாங்க, கருவாட்டு வகைல காட் மீன ஊற வச்சு வேக வச்சு எண்ணெய் விட்டு வெண்ணெய் பதத்துக்கு அடிச்சு ரொட்டி மேல தடவி குடுப்பாங்க, வினிகர்ல வெங்காயத்தோட ஊறுன மத்தி மீன் குடுப்பாங்க. வீட்ல உப்பு போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் போதும், அங்கயும் சிப்ஸ்தான் நிறைய மேஜைல இருக்கும். வெறும் வயித்துல மட்டும் குடிக்காதீங்க.

எவ்ளோ ஏறும்னு கேட்டா, அபெரோல் ஸ்ப்ரிட்ஸ்ல ப்ரோசெக்கோவும் அபெரோலும் ரெண்டுமே 11 சதவீதம் பக்கம், ரெண்டும் சேத்து 150 மில்லில 16.5 மில்லி சுத்த ஆல்கஹால், சோடா சேந்து 180ல பாத்தா 9 சதவீதம் சொச்சம். பாக்க ஜூஸ் மாதிரி இருக்குன்னு மடமடன்னு குடிச்சா ரெண்டு கிளாஸ்ல முழுசா 300 மில்லி ஒயின் அளவு உள்ள போயாச்சு. வெயில்ல உடம்பு ஏற்கனவே தண்ணி இழந்திருக்கும், அதனால ஒரு கிளாஸ் ஸ்ப்ரிட்ஸுக்கு ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணி கூடவே போகட்டும், வண்டி எடுக்கணும்னா தொடவே வேணாம். ஆல்கஹால் வேணாங்கறவங்களுக்கு க்ரோதீனோன்னு இத்தாலில சின்ன பாட்டில்ல விக்கிறாங்க, ஆல்கஹால் இல்லாத கசப்பு ஆரஞ்சு டிரிங்க், இதே கிளாஸ்ல இதே ஐஸ்ல ஆரஞ்சு துண்டோட ஊத்தி குடுத்தா யாரும் ஒதுங்கி உக்கார வேண்டியதில்ல.

நிறைய பேர் வராங்கன்னா ஜக்ல மொத்தமா கலந்து வைக்கலாம்னு தோணும், வேணாம், பத்து நிமிஷத்துல காஸ் செத்துடும். 750 மில்லி ப்ரோசெக்கோ பாட்டில்ல 8 கிளாஸ் வரும், அதுக்கு அபெரோல் 480 மில்லி, சோடா 240 மில்லி, இந்த கணக்குல வாங்கிக்கோங்க. ஆளுங்க வந்து உக்காந்த பிறகு எட்டு கிளாஸையும் வரிசையா வச்சு, ஐஸ் நிரப்பி, ப்ரோசெக்கோவ ஒரு ஓட்டமா எல்லாத்துலயும் ஊத்திட்டு, அபெரோல ஒரு ஓட்டம், சோடா ஒரு ஓட்டம். ரெண்டு பேரா செஞ்சா ரெண்டு மூணு நிமிஷத்துல எல்லார் கைலயும் போயிடும். முன்கூட்டியே செஞ்சு வைக்கணும்னா ஆரஞ்சு நறுக்கறதும் ஆலிவ் குத்தறதும் மட்டும் செஞ்சு வைங்க.

போட்டு பாத்துட்டு இன்னும் இனிப்பா இருக்குன்னா அபெரோல 45க்கு குறைங்க, சோடாவ கூட்டாதீங்க, சோடா கூட்டுனா இனிப்போட சேந்து எல்லாமே மங்கிடும். ரொம்ப கசக்குதுன்னா ஆரஞ்ச இன்னொரு துண்டு போட்டு கொஞ்ச நேரம் ஊற விடுங்க, சர்க்கரை சிரப் எல்லாம் வேணாம்.

கசப்பே ஆகாதுங்கறவங்களுக்கு ஊகோன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் அந்த பக்கத்து சரக்குதான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல தெற்கு திரோல், அங்க நாதூர்னோன்னு ஒரு ஊர்ல ரோலண்ட் க்ரூபர்ங்கற பார்டெண்டர் 2005ல போட்டது. முதல்ல எலுமிச்சை வாசம் அடிக்கிற ஒரு மூலிகை சிரப்ல ஆரம்பிச்சு, அப்புறம் எல்டர்ஃப்ளவர்ங்கற பூ சிரப்தான் நிலைச்சது. ஐஸ் நிரப்புன கிளாஸ்ல ப்ரோசெக்கோ 120 மில்லி, எல்டர்ஃப்ளவர் சிரப் 20, சோடா 30, ஒரு துண்டு லைம், அஞ்சாறு புதினா இலை. புதினாவ நசுக்க வேணாம், உள்ளங்கைல வச்சு ஒரு தட்டு தட்டி போட்டா போதும், நசுக்குனா பச்சை வாடை வந்து பூ வாசத்த அடிச்சிடும். இதுலயும் ப்ரூட்தான், இதுலயும் முதல்ல ப்ரோசெக்கோதான்.

ப்ரோசெக்கோ மிஞ்சுனா, பாட்டில் வாய்ல ஸ்பூன் சொருகி வச்சா காஸ் நிக்கும்னு யாராவது சொல்லுவாங்க, அது நிக்காது. அழுத்தம் தாங்குற ஸ்பார்க்ளிங் மூடின்னு தனியா விக்கிது, ரெண்டு பக்கமும் கவ்விப்பிடிக்கும், அத போட்டு நிமித்தி வச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஸ்ப்ரிட்ஸுக்கு தாங்கும். அதுக்கு மேல போனா ரிசோட்டோங்கற இத்தாலி அரிசி சாதத்துலயோ மீன் குழம்புல ஒரு சுத்து விடவோ எடுத்துக்கோங்க. அபெரோல் தொறந்த பிறகும் ஃப்ரிட்ஜ்ல சில மாசம் வாசம் குறையாம நிக்கும், எப்படியும் அது அங்கதான இருக்கணும்.